பொய் ஆறுதலும் மெய் ஆறுதலும்

(சுங்குவார்சத்திரத்தில் தொழிலாளர் வாசகர் வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி நம்மிடம் வந்தார். கைபேசி பூட்டும் தொழிற்சாலை ஒன்றில் காண்டிராக்டில் வேலை செய்கிறவர். பெண்கள் விடுதியில் தங்கியிருப்பவர். நம் அலமாரியிலிருந்து புதுமைப்பித்தன் கதைகளை இரவல் வாங்கிப் போயிருந்தார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போகவும் மனமில்லாமல், பேசவும் துணிவில்லாமல் சற்று நேரம் நின்றார். பிறகு சொன்னார்:

"தோழர், விடுதியிலே எல்லாரும் என்னைக் கேலி பண்றாங்க. 'நாள் பூரா நின்னுட்டு வந்து ராத்திரியிலே இந்த அழுமூஞ்சிக் கதையைப் படிக்கிறியே, சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் பாரேன்'னு சொல்றாங்க. ஆனா எனக்கு இதைப் படிச்சாத்தான் மனசு ஆறுது. தூக்கமும் வருது. எனக்கு ஏதாச்சும் கோளாறா?"

"கோளாறு ஒன்றுமில்லை அம்மா, தொடர்ந்து படியுங்கள்" என்றோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவரும் ஓடினார். அது பதிலாகுமா? ஆகாது. கேட்டவரைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டோம், அவ்வளவுதான். ஆகையால் இன்றைய பேச்சு, அந்தச் சகோதரிக்கு நாம் பட்ட கடனைத் தீர்க்கும் பேச்சு.

கேள்வி சின்னதாகத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பசியும் அவமானமும் அறிந்த ஒருவர், பசியும் அவமானமும் நிறைந்த கதையைப் படித்து ஆறுதல் அடைகிறார். சூடுபட்ட கைக்கு மறுபடியும் சூடு வைத்தால் ஆறுமா? ஆறுகிறதே! அது எப்படி என்பதுதான் கேள்வி.

அம்மாளுவின் கதை

அந்தச் சகோதரி திரும்பத் திரும்பப் படித்ததாகச் சொன்ன கதை 'பொன்னகரம்'. 1934-இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்தது. நீளமான கதையல்ல. இங்கிருந்து ஒரகடத்துக்கு பஸ் போய்ச் சேர்வதற்குள் படித்து முடித்துவிடலாம். அம்மாளு ஒரு மில் தொழிலாளி. அவள் புருஷன் முருகேசன் குதிரை வண்டிக்காரன். விபத்தில் அடிபட்டுப் படுத்த படுக்கையாகிவிடுகிறான். பால் கஞ்சி வேண்டும் என்கிறான். வீட்டில் காசில்லை. அவள் இருட்டுச் சந்துக்குள் போகிறாள். தன்னை விற்றுக் காசு கொண்டு வருகிறாள். அவ்வளவுதான் கதை.

எழுதியவர் அவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவளுக்கு உபதேசமும் செய்யவில்லை. அவளைப் பார்த்து ஏன் போனாய் என்று கேட்கவும் இல்லை. கற்பைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த கனவான்களைப் பார்த்துத்தான் கேட்டார். அந்த நிமிஷம் வரை குற்றவாளிக் கூண்டில் நின்றவள் அம்மாளு. அந்தக் கேள்வி அவளை இறக்கிவிட்டு அந்தக் கனவான்களைக் கூண்டில் ஏற்றியது.

ஆறுதலின் முதல் ஊற்று இங்கேதான் இருக்கிறது. நம் துன்பம் குறைந்துவிட்டது என்பதால் வரும் ஆறுதல் அல்ல இது. குற்றம் நம்முடையதல்ல என்று யாரோ ஒருவர், நம்மைப் பார்த்திராத ஒருவர், 90 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அறியும்போது நெஞ்சில் ஒரு பாரம் இறங்குகிறது. அதனால்தான் தூக்கம் வருகிறது.

யாருடைய தூக்கம் கெட்டது?

ஆனால் இதே கதைகள் வேறு சிலருடைய தூக்கத்தைக் கெடுத்தன. அதையும் சொல்ல வேண்டும்.

1916-இல் நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்து நாவலூரில் பிறந்தவர் கோவிந்தன். விந்தன் என்ற பெயரில் எழுதியவர். அச்சுக் கோக்கும் தொழிலாளி. பிறர் எழுதிய கதைகளை எழுத்து எழுத்தாகப் பொறுக்கிக் கோத்த கை அது. அந்தக் கையே பிற்பாடு கதை எழுதத் தொடங்கியது. எழுதியது ராஜகுமாரிகளைப் பற்றியல்ல. குமாஸ்தா, கூலிக்காரன், வேலைக்காரி, தெருவோரத்தில் படுத்தவன் ஆகியோரைப் பற்றி. விந்தனை ஆதரித்து வளர்த்தவர் பேராசிரியர் கல்கி. அந்தக் கல்கியே, விந்தன் கதைகளைப் படிக்கத் தமக்குப் பயமாயிருக்கிறது, மனம் என்ன சங்கடத்துக்கு உள்ளாகுமோ என்று அஞ்ச வேண்டியிருக்கிறது என்ற பொருள்பட முன்னுரை எழுதினார். அது நேர்மையான வாக்குமூலம். அதற்காக நாம் அவரை மெச்ச வேண்டும்.

பாருங்கள், ஒரே கதை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து படிப்பவருக்குச் சங்கடம். பாயில் படுத்துப் படிப்பவருக்கு ஆறுதல். ஒருவருக்கு அது தெரியாத சேதி. தெரிந்துகொண்டதால் நிம்மதி போகிறது. மற்றவருக்கு அது தெரிந்த சேதி; தமக்கு மட்டும் தெரிந்தது, வெளியே சொல்ல வெட்கப்பட்டது, ஊரறியச் சொல்லப்பட்டுவிட்டதே என்பதால் நிம்மதி வருகிறது.

பளபளப்புக்குள்ளே

"அதெல்லாம் மில்லும் குதிரை வண்டியும் இருந்த காலம். ஏரிக்கரையில் கண்ணாடிக் கட்டடம் எழும்பி நிற்கும் இந்த வட்டாரத்தில் அம்மாளுவுக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் கார் வெளியேறிய காலத்திலிருந்து நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று சிப்காட் வளாகங்கள் வரிசையாக எழுந்தன. கார், பஸ், மோட்டார் சைக்கிள், டயர், கைபேசி, குளிர்பதனப் பெட்டி, எல்லாம் இங்கே உருவாகின்றன. 2006-இல் நோக்கியா வந்தது. உலகத்திலேயே பெரிய கைபேசித் தொழிற்சாலைகளில் ஒன்று என்று பெயரெடுத்தது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. அங்கே வேலைக்குச் சேரும்போது பதினெட்டு, பத்தொன்பது வயதாயிருந்த ஆயிரக்கணக்கான வாலிபர்களும் யுவதிகளும் இருபத்தைந்து வயதில் "பழைய ஆட்கள்" ஆகி ஊர் திரும்பினார்கள்.

புதுமைப்பித்தன் கண்ட வறுமை கந்தலுடுத்தி நடந்தது. நம் வட்டாரத்து வறுமை யூனிபாரம் போட்டுக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க நடக்கிறது. அன்றைக்கு அதை இருட்டுச் சந்து மறைத்தது. இன்றைக்கு வெளிச்சமே மறைக்கிறது. ஊரிலே அம்மா, "என் மகள் பெரிய கம்பெனியில் இருக்கிறாள்" என்று பெருமை பேசுகிறாள். மகளோ போனில், "சாப்பிட்டேம்மா, நல்லாயிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைக்கிறாள். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று காண்டிராக்டரின் ஆள் சொல்லி அனுப்பிய பையன், வீட்டுக்கு, "லீவு விட்டிருக்காங்க" என்று சேதி அனுப்புகிறான். வாடகை அறையில் பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரன் படுக்கிறான். அதைப் பற்றி இருவரும் யாரிடமும் பேசுவதில்லை.

ஏன் பேசுவதில்லை? வெட்கம். "எல்லாரும் முன்னேறுகிறார்கள், நான்தான் தோற்றுப் போனேன்" என்ற எண்ணம். சுரண்டல் நம் உழைப்பை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. தன் குற்றத்தையும் நம் தலையில் சுமத்திவிட்டுப் போகிறது. அந்தச் சுமையை அவரவர் தனித்தனியே சுமக்கும்வரை அது மலை.

இந்த ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர் ராமானுஜர். திருக்கோட்டியூருக்குப் பலமுறை நடையாய் நடந்து பெற்ற ரகசிய மந்திரத்தைக் கோபுரத்தின் மேலேறி ஊரார் எல்லாருக்கும் உரக்கச் சொல்லிவிட்டார் என்று மரபு சொல்கிறது. நாம் மந்திரங்களை நம்புகிறவர்கள் அல்ல. ஆனால் அந்தக் கதையின் சாரம் நமக்கு விளங்கும். ஒருவர் காதில் ஒருவர் ஓதி மறைத்து வைத்ததை ஊருக்கெல்லாம் பொதுவாக்கும்போது அதன் தன்மையே மாறிவிடுகிறது. நல்ல எழுத்தாளனும் ஒரு கோபுரத்தில் ஏறுகிறான். நாம் ஒவ்வொருவரும் தனியே பொத்திவைத்த அவமானத்தை உரத்துச் சொல்கிறான். கேட்டவுடன் நமக்குத் தெரிகிறது, பக்கத்தில் நிற்பவனும் இதையேதான் பொத்தி வைத்திருந்தான் என்று.

ஜெயகாந்தன் கட்சிக் கம்யூனில் வளர்ந்தவர். ஜனசக்தி அச்சகத்தில் வேலை பார்த்தவர். பிற்காலத்தில் அவர் அரசியல் வழி வேறாயிற்று. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சென்னைக் குப்பத்து ஜனங்களை அவர் எழுதிய எழுத்து நம்முடையது. குப்பத்துச் சிறுவனையும் அவன் தாயையும் பற்றிய தம் கதையை அவரே சினிமாவாக எடுத்தார். 1965-இல் வந்த அந்தப் படத்தின் பெயர் 'உன்னைப்போல் ஒருவன்'. கீழே கிடப்பவர்களின் கதை நமக்கு எதைச் சொல்கிறது என்பதை அந்த நான்கு எழுத்து "ஒருவன்" போலத் தெளிவாக நம்மாலும் சொல்லிவிட முடியாது.

கார்க்கி காட்டிய கிழவன்

ஆனால், தோழர்களே, ஆறுதல் என்று பெயர் சொல்லி வருவதெல்லாம் ஆறுதல் அல்ல.

நாம் கூடியிருக்கும் ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கன் ஓரிரவு தலைசாய்க்கும் இடம். அப்படியொரு மலிவான சத்திரத்தை வைத்துத்தான் மாக்சிம் கார்க்கி ஒரு நாடகம் எழுதினார். 'அடித்தளத்திலே' என்று பெயர் சொல்லலாம். 1902 டிசம்பரில் மாஸ்கோவில் முதன்முதலாக மேடையேறியது. திருடன், வேலையிழந்த பூட்டுத் தொழிலாளி, சாகக் கிடக்கும் அவன் மனைவி, குடித்துக் கெட்ட நடிகன் எல்லாரும் அந்தச் சத்திரத்தில் கிடக்கிறார்கள். லூக்கா என்ற கிழவன் வருகிறான். நல்லவன்; இரக்கம் உள்ளவன். சாகப்போகிறவளிடம், "அங்கே உனக்கு நிம்மதி கிடைக்கும்" என்கிறான். நடிகனிடம், "குடிகாரர்களை இலவசமாகக் குணப்படுத்தும் ஆஸ்பத்திரி ஒன்று ஒரு ஊரில் இருக்கிறது" என்கிறான். எந்த ஊர் என்று கேட்டால் பெயர் சொல்லவில்லை. ஒருநாள் கிழவன் காணாமல் போகிறான். ஆஸ்பத்திரியும் இல்லை, ஊரும் இல்லை என்று தெரிந்த நடிகன் தூக்குப்போட்டுக்கொள்கிறான்.

இது பொய் ஆறுதல். இன்றைக்கு லூக்காக் கிழவன் நம் கைபேசிக்குள் குடியிருக்கிறான். "நம்பிக்கையோடு உழை, நாளைக்கு நீயும் முதலாளி" என்கிறான். "சிரி, கவலையை மற" என்கிறான். விடுதித் தோழிகள் நல்ல மனத்தோடுதான் அந்தச் சகோதரியைச் சிரிக்கச் சொன்னார்கள். சிரிப்பது தவறென்று நாம் சொல்லவில்லை. ஆனால் மறந்திருக்கும் நேரம் முடிந்ததும் அதே விடுதி, அதே லைன், அதே டார்கெட். நடுவிலே நமக்கு எதுவும் விளங்கவில்லை.

பொய் ஆறுதல் இன்னொன்றும் உண்டு. அது இதைவிடப் பொல்லாதது. கீழே கிடப்பவனின் கதையைப் படித்து, "அப்பாடா, நான் அவ்வளவு கீழே இல்லை" என்று மூச்சு விடுவது. இதை நம்மிடையே நாம் பார்க்கிறோம். நிரந்தரத் தொழிலாளி காண்டிராக்ட் தொழிலாளியைப் பார்த்து இந்த மூச்சை விடுகிறான். காண்டிராக்ட் தொழிலாளி பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவனைப் பார்த்து விடுகிறான். ஒருவன் தலைமேல் ஒருவன் நின்றுகொண்டு எல்லாரும் உயரமாக இருப்பதாக நினைக்கிறோம். அடியில் கிடப்பவன் நசுங்குகிறான்; உச்சியில் இருப்பவனும் ஏறிய இடம் அங்குலம்தான்.

நம் வட்டத்து வாலிபத் தோழர் ஒருவர் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறோம். ஒரகடத்தில் அவர் அறைக்கு அடுத்த அறையில் பீகார் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பல மாதம் பேச்சே கிடையாது. தண்ணீர் பிடிக்கும்போது சண்டை மட்டும் உண்டு. மின்சாரம் போன ஓர் இரவில் எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, தெரிந்த பத்து இந்தி வார்த்தைகளை வைத்துக்கொண்டு 'பொன்னகரம்' கதையைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "எங்கள் பிரேம்சந்தும் இப்படி எழுதியிருக்கிறார்" என்று 'கஃபன்' கதையைச் சொன்னாராம். 1936-இல் மறைந்த பிரேம்சந்த் தம் கடைசிக் காலத்தில் எழுதிய கதை அது. பிரசவ வலியில் செத்துப்போன பெண்ணுக்குக் கோடித்துணி வாங்க ஊராரிடம் திரட்டிய பணத்தை, அவள் மாமனாரும் புருஷனும் குடித்தும் தின்றும் தீர்த்துவிடுகிறார்கள். வாழ்நாள் முழுதும் வயிறு நிறையாதவர்களைப் பிணத்தின் பணத்தில் வயிறு நிரப்ப வைத்தது எது என்று கதை கேட்கிறது. "அதற்குப் பிறகு தண்ணீர்ச் சண்டை இல்லையா?" என்று கேட்டோம். "இருக்கிறது தோழர், ஆனால் இப்போது பெயர் சொல்லிச் சண்டை போடுகிறோம்" என்றார். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பெயர் தெரிந்துகொள்வது சின்ன விஷயமல்ல.

நம் பக்கத்துத் தவறு

இப்போது சுயவிமர்சனம். நம் முற்போக்கு முகாமிலும் இத்தகைய கதைகளைச் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் உண்டு. "இது நசிவு இலக்கியம், போராட்டம் எங்கே? நம்பிக்கை எங்கே?" என்று கேட்டார்கள். கதையின் கடைசியில் கொடி ஏறவில்லையென்றால் முகம் சுளித்தார்கள்.

ஜி.நாகராஜனை எடுத்துக்கொள்வோம். 1963-இல் 'குறத்தி முடுக்கு', 1974-இல் 'நாளை மற்றுமொரு நாளே' என்ற நாவல்களை எழுதினார். விலைமாதர், தரகர், அடியாட்கள், அவர்களுடைய ஒரு நாள் பிழைப்பு. சங்கம் இல்லை, ஊர்வலம் இல்லை. சமூகம் வெளியே தள்ளியவர்களை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதினார். அதில் வழி காட்டப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் வழி காட்டுவது முழுவதையும் கதையின் தலையில் கட்டிவிட்டு நாம் என்ன செய்யப் போகிறோம்? நோய் என்ன என்று உள்ளபடி சொல்கிற கதை தன் வேலையைச் செய்துவிட்டது. மீதி வேலை நம்முடையது. வழி காட்டுகிற அவசரத்தில் நோயைத் தவறாகச் சொல்லும் கதையோ, கொடி பிடித்த லூக்காக் கிழவன்தான்.

இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களும் உண்டு. டி.செல்வராஜின் 'தோல்' நாவல் திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களின் கதை. 2012-இல் சாகித்திய அகாடமி பரிசு பெற்றது. சுண்ணாம்புக் குழியில் நின்று கையும் காலும் வெந்தவர்கள் சங்கம் கட்டியதை அது சொல்கிறது. குழியின் நாற்றத்தை மறைக்காமல் சொன்னதனால்தான் சங்கம் கட்டியதை நம்ப முடிகிறது. கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார், தாம் ஆந்திரப் போலீஸ் கொட்டடியில் பட்ட சித்திரவதையை 'லாக்கப்' என்று எழுதினார். 2015-இல் அது 'விசாரணை' என்ற படமாகி உலகத்தின் கண்ணுக்குப் போயிற்று. எழுதியவர் பேராசிரியர் அல்ல, ஆட்டோ ஓட்டுகிறவர்.

மெய் ஆறுதல் எங்கே கொண்டுபோகும்?

2021 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். "எல்லாம் சரியாகிவிடும், போய்த் தூங்குங்கள்" என்ற ஆறுதல் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. உண்மை வேண்டியிருந்தது. தொழிற்சாலை வாரக்கணக்கில் நின்றது. தரையில் படுத்துத் தூங்கிய விடுதி அறைகளைப் பற்றி, அதுவரை ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்கும் சொல்லாமல் மறைத்ததைப் பற்றி, உலகப் பத்திரிகைகள் எழுதின. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய குடியிருப்பு திறக்கப்பட்டது. சாலையில் உட்கார்ந்த பெண்களை மறந்துவிட்டு அந்தக் கட்டடத்தின் கதையை யாரும் சொல்லக்கூடாது.

அதே 2024 செப்டம்பர் 9-இல் இந்தச் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 37 நாள். கேட்டவற்றில் முதன்மையானது சங்கத்துக்குப் பதிவு, அதாவது தங்களுக்கு ஒரு பெயர். 2025 ஜனவரியில் அந்தப் பெயர் பதிவேட்டில் ஏறியது.

கதை படித்ததால் அவர்கள் போராடினார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய் ஆறுதல். ஆனால் இரண்டும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. "எனக்கு மட்டுந்தான்" என்ற நினைப்பு உடைய வேண்டும். அது கதையில் உடைந்தால் ஓர் இரவு தூக்கம் வருகிறது. தெருவில் உடைந்தால் சங்கம் வருகிறது. முதலாவதிலேயே நின்றுவிட்டால் அந்த ஆறுதலும் நாளாவட்டத்தில் வெறும் மாத்திரையாகிவிடும்.

ஆகவே, சகோதரியே, உங்களுக்கு நம் பதில் இதுதான். உங்களிடம் கோளாறு இல்லை. அம்மாளு உங்களைத் தூங்க வைப்பது, உங்கள் பாரத்தில் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்வதால்தான். தூங்குங்கள், உடம்புக்குத் தூக்கம் வேண்டும். எழுந்தபின் அந்தக் கதையைப் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவளுக்குச் சொல்லுங்கள். கேலி செய்தவளுக்கே முதலில் சொல்லுங்கள். அவளும் தன் அம்மாவுக்குச் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்வாள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. விந்தன் அச்சுக் கோத்தவர். சந்திரகுமார் ஆட்டோ ஓட்டுகிறவர். கைபேசிக்குத் திருகாணி முடுக்குகிற கை ஏன் எழுதக்கூடாது? உங்கள் லைனை, உங்கள் விடுதியை, மூடப்பட்ட கேட்டின் முன் நின்ற அந்தக் காலையை எழுதுங்கள். கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் படிக்க ஒரு மணி நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். இரவு ஷிப்டுக்காரர்கள் வர வசதியாகக் காலை பத்து மணிக்குத் தொடங்குவோம்.